இரண்டு கிலோ ஜகா

சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். உரும்பிராயில் என் மாமனார் வீட்டு முன்னறையில் நாங்கள் நாலு பேர் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். வீடு முழுக்கப் பொரித்த மோர்மிளகாயின் மணம்.

படத்தில் ஒரு கலியாண மண்டபம். மேளம் முழங்குகிறது. பெண் மணவறையில் தலைகுனிந்து இருக்கிறாள். அப்போது மாப்பிள்ளையின் தோழன், பெரிய வயிறும் சின்னச் சட்டையுமாக, வாசலில் இருந்து கத்திக்கொண்டே ஓடி வருகிறான்.

“மாப்ள ஜகா வாங்கிட்டான்டா!”

மேளம் நிற்கிறது. பெண் தலையை நிமிர்த்துகிறாள். பெண்ணின் தகப்பன் வாயைத் திறக்கிறார். அந்த வாயில் இருந்து ஒரு சொல் வருவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது.

மின்விசிறி நாலு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மோட்டரும் நின்றது. அந்த அமைதியில் மாமா என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, ஜகா எண்டால் என்ன?”

மாமாவோடு சேர்ந்து என் மனைவி வாசுகியும் திரும்பினாள். அவளுடைய தங்கை மேகலாவும் திரும்பினாள். மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

எனக்குத் தெரியாது. இதை இன்றைக்கு எழுதுவது சுலபம். அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்களைப் பற்றித்தான் சிரிக்கச் சிரிக்க எழுதி வந்தேன். “ஊரிலை எல்லாரையும் எழுதிறியள். ஜகாக் கதையை மட்டும் ஒளிச்சு வைச்சிருக்கிறியள்” என்று வாசுகி போன வாரம் கேட்டாள். ஆகவே இந்த வாரம் என் முறை.

தெரியாது என்று சொல்லத் தெரியாதவன்

நான் தமிழ் ஆசிரியன். எங்கள் பக்கத்தில் தமிழ் ஆசிரியனுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் வேலை கூட. பிள்ளை பிறந்தால் பெயர் கேட்டு வருவார்கள். வீடு கட்டினால் வாசலில் பொறிக்கப் பெயர் கேட்டு வருவார்கள். கலியாண அழைப்பிதழில் ஒற்று விட்டிருக்கிறதா என்று பார்க்க வருவார்கள். யாராவது இறந்தால், முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வெண்பா வேண்டும் என்று அழுத கண்ணோடு வருவார்கள்.

இப்படி வருகிறவர்களில் ஒருவருக்காவது நான் “தெரியாது” என்று சொன்னதில்லை. முதலில் அது பெருமையாக இருந்தது. பிறகு பழக்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு வியாதி.

வியாதி முற்றியது எப்போது என்பதும் நினைவிருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “சேர், கஸ்மாலம் எண்டால் என்ன?” என்று கேட்டாள். அதுவும் ஏதோ படத்தில் கேட்ட சொல். அது சென்னையில் ஒருவரை ஏசுகிற சொல் என்பது எனக்கு அப்போது தெரியாது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அங்கே ஒரு வேம்பு நின்றது.

“அது ஒருவகை மரம்” என்றேன்.

அந்தத் தவணைப் பரீட்சையில் ‘எங்கள் பாடசாலை’ என்று கட்டுரை கேட்டிருந்தோம். அந்தப் பிள்ளை இப்படித் தொடங்கியிருந்தாள்: ‘எங்கள் பாடசாலையின் வாசலில் பெரிய கஸ்மாலம் ஒன்று நிற்கிறது. அதன் கீழ் எங்கள் அதிபர் தினமும் இளைப்பாறுவார்.’

முழுப் புள்ளியும் போட்டேன். குறைத்தால் காரணம் எழுத வேண்டும்.

இதெல்லாம் மாமாவுக்குத் தெரியாது. அவருக்கு நான் இரண்டு கால் முளைத்த அகராதி. மூத்த மகளுக்கு என்னைப் பேசிவந்தபோது, “பெடியனுக்குக் காணி பூமி இல்லை, ஆனால் தெரியாத சொல் ஒண்டும் இல்லை” என்று சொல்லித்தான் சொந்தக்காரர்களின் வாயை அடைத்தாராம். அந்த வாயெல்லாம் திரும்பத் திறக்கக்கூடாது என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

ஜகத்தில் இருந்து ஜகாவுக்கு

“ஜகா எண்டது...” என்று தொடங்கினேன். தொடங்கும்போது முடிவு எதுவும் கையில் இல்லை.

“ஜகம் எண்டால் உலகம். பூமி. அதுதான் பேச்சு வழக்கிலை தேஞ்சு ஜகா எண்டு வந்திருக்கு. அங்கை சென்னையிலை காணி நிலத்தை அப்பிடிச் சொல்லுறவை.”

நானே வியக்கும்படி இருந்தது. மாமா மெதுவாகத் தலையாட்டினார்.

“அப்ப ஜகா வாங்கிறது எண்டால் காணி வாங்கிறது?”

“ஓம், மாமா.”

“அப்ப மாப்பிள்ளை காணி வாங்கிட்டான் எண்டு சொல்லத்தான் உந்தத் தடியன் அப்பிடி ஓடி வந்தவன்?”

“ஓம்.”

மேகலா சும்மா விடவில்லை. அவள் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். நோ எங்கே என்று கண்டுபிடித்துத் தட்டிப் பார்ப்பது அவளுக்குத் தொழில்.

“அப்ப மேளம் ஏன் நிண்டது, அத்தான்?”

“சந்தோசத்திலை.”

“பொம்பிளை அழுறமாதிரியெல்லோ கிடந்தது?” என்றாள் வாசுகி.

“ஆனந்தக் கண்ணீர்” என்றேன்.

மின்சாரம் வந்தபோது படம் முடிந்து செய்தி போய்க்கொண்டிருந்தது. உலகத்தில் எங்கெங்கோ என்னென்னவோ நடந்திருந்தன. அந்தப் பெண்ணின் தகப்பன் கடைசியில் என்ன சொன்னார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

சென்னை மாமி

இந்த இடத்தில் மேகலாவின் கலியாணப் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அரியாலையில் சுதன் என்று ஒரு மாப்பிள்ளை ஒழுங்காகியிருந்தது. ஜெனரேட்டர் திருத்துகிறவர். நல்ல பிள்ளை, வலு அமைதி. பெண் பார்க்க வந்த அன்று இரண்டு மணித்தியாலத்தில் அவர் பேசியது மூன்று சொல். அதில் இரண்டு ‘தேத்தண்ணி போதும்.’

மேகலாவிடம் சம்மதமா என்று கேட்டோம். “உங்களுக்குச் சரியெண்டால் எனக்கும் சரி” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நாள் வைத்தாகிவிட்டது. இன்னும் மூன்று கிழமை இருந்தது.

சுதனுடைய தாய்க்கு ஒரு அக்கா. அரியாலையில் பிறந்து, முப்பது வருடங்களாகச் சென்னையில் இருக்கிறவர். அந்தக் குடும்பத்தில் எல்லா முடிவுக்கும் கடைசிக் கையெழுத்து அவருடையதுதான். நாங்கள் சென்னை மாமி என்போம். மாமாவுக்கு அவரோடு பேசுவதென்றால் பயம். முதல் தடவை போனில் பேசியபோது, “நீங்க பேசறது ஒண்ணுமே புரியலீங்க” என்று அவர் சிரித்துவிட்டாராம். தன் ஊர்ப் பேச்சு அவருக்கே மறந்துபோனதா, மறந்ததுபோல் இருந்தாரா தெரியாது. அன்றில் இருந்து மாமா படங்களைக் கவனமாகப் பார்த்துச் சென்னைப் பேச்சுப் படித்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் அந்தக் கிழமைதான் சுதன் அரியாலையில் இரண்டு பரப்புக் காணி வாங்கி எழுதியிருந்தார். மாமாவுக்கு அது பெரிய சந்தோசம். அந்தச் சந்தோசத்தைச் சென்னை மாமிக்கு அவருடைய பாசையிலேயே சொல்ல ஒரு சொல்லும் இப்போது கையில் கிடைத்துவிட்டது.

நான் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றபோது அவர் கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் குரல்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“வணக்கம் சம்பந்தியம்மா. உரும்பிராயில இருந்து பேசறேன். மாப்பிள்ளை ஜகா வாங்கிட்டார்! எங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். பொண்ணுக்கும் ரொம்ப ரொம்ப சந்தோஷம். அவர் எப்படியாவது ஜகா வாங்கணும்னுதான் நாங்க தினமும் கோயில்ல வேண்டிக்கிட்டு இருந்தோம். கடவுள் கண்ணைத் திறந்துட்டார். இன்னிக்கு வீட்ல பாயாசம்.”

அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். “எப்பிடி, தம்பி?”

“திறம், மாமா” என்றேன்.

ஞாயிறு

அடுத்த நாள் மத்தியானம் சுதனுடைய தாய் போன் எடுத்தார். மாமா கதிரையில் இருந்தபடியே எடுத்தார். இரண்டு நிமிடத்தில் எழுந்து நின்றார். பிறகு திரும்ப இருந்தார்.

அந்த அம்மா அழுதுகொண்டு பேசியது எங்களுக்கும் கேட்டது.

“அண்ணை, உவன் சுதன் கலியாணத்துக்கு மாட்டன் எண்டுட்டானாம். சென்னையிலை இருந்து அக்கா எடுத்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும். பெத்த தாய்க்கு ஒரு சொல் சொல்லேல்லை. காலமை நெடுந்தீவிலை ஏதோ ஜெனரேட்டர் வேலை எண்டு போட்டான். எடுத்தால் போனும் போகுதில்லை. நீங்களும் எல்லாம் அறிஞ்சிருப்பியள்தானே. எனக்கு உங்களோடை கதைக்க முகமில்லை, அண்ணை.”

வைத்துவிட்டார். மாமா திரும்பத் திரும்ப எடுத்தார். அவர் எடுக்கவில்லை.

அந்த அம்மா செய்தி எங்களிடம் இருந்து போனது என்று நினைத்தார். நாங்கள் அது சுதனே சென்னை மாமியிடம் சொன்னது என்று நினைத்தோம். நடுவில் கிடந்த ஜகா என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. அதனால் எனக்கும் மண்டையில் ஏறவில்லை. நானும் மற்றவர்களோடு சேர்ந்து சுதனைத் திட்டினேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். “பாத்தால் பூனைமாதிரி இருந்தவன்” என்றுகூடச் சொன்னேன்.

முந்தைய நாள் பாயாசம் காய்ச்சிய பாத்திரம் அடுக்களையில் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது. வாசுகி அதை எடுத்து அலுமாரிக்குள் மறைத்து வைத்தாள்.

மேகலாவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவள் அழவில்லை. அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது தலையில் ஹெல்மெட் இருந்தது.

“எங்கை போறாய்?” என்றாள் வாசுகி.

“நெடுந்தீவுக்கு.”

“இடையிலை கடல் இருக்கடி!”

“அப்ப குறிகட்டுவான் இறங்குதுறை மட்டும் போறன். பின்னேரப் படகிலை வந்துதானே ஆகவேணும்.”

“வந்தால்?”

“முகத்தைப் பாத்துக் கேப்பன்.”

வாசுகி என்னைப் பார்த்தாள். “தனியப் போகவேண்டாம். அத்தானையும் கொண்டுபோ.”

கொண்டுபோ என்றுதான் சொன்னாள். எனக்குச் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓடத் தெரியாது. மாமாவின் பழைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, மேகலாவின் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கடலுக்கு நடுவே

அது சோளகக் காற்று வீசுகிற காலம். யாழ்ப்பாணப் பட்டணம் தாண்டிப் பண்ணைக் கடல் பாலத்தில் ஏறியதும் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. மாமாவின் ஹெல்மெட் எனக்குப் பெரிது. காற்று வந்த பக்கமெல்லாம் அது திரும்பியது. பாதி வழி நான் ஹெல்மெட்டின் காதுப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

மேகலா முன்னால் இருந்து பேசிக்கொண்டே ஓடினாள். காற்றில் துண்டு துண்டாகத்தான் கேட்டது.

“ஏழு தரம்... போனிலை கதைச்சவர்... ஏழு தரமும் சாப்பிட்டியளோ எண்டுதான் கேட்டவர்...”

“என்ன?” என்றேன்.

“மாட்டன் எண்டு நினைக்கிறவர்... ஏன் சாப்பிட்டனோ எண்டு கேக்கவேணும்?”

நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது. ஆனாலும், “சில பேர் அப்பிடித்தான்” என்று கத்தினேன். வியாதி.

அவள் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு, “நான் அவருக்கு எண்டு ஒரு சட்டை தைக்கக் குடுத்திருக்கிறன், அத்தான்” என்றாள். அது மட்டும் காற்றில்லாமல் தெளிவாகக் கேட்டது. சரியென்றால் சரி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போன பெண் இவள்தானா என்று நினைத்தேன்.

வேலணை தாண்டிப் புங்குடுதீவுக்குப் போகும் கடல் பாலத்தின் நடுவில் அவளுடைய போன் அடித்தது. ஸ்கூட்டரை ஓரம் கட்டினாள். இரண்டு பக்கமும் தண்ணீர். உப்புக் காற்று உதட்டில் கரித்தது. சற்றுத் தள்ளி மீன் வலை கட்டிய தடியொன்றில் ஒரு கொக்கு நின்றது.

சென்னை மாமி. ஹெல்மெட்டோடு காதில் வைக்க முடியாமல் மேகலா ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

“மேகலா, நீ ஒண்ணும் கவலைப்படாதேம்மா. அவனை நான் வந்து பார்த்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். அவன் ஜகா வாங்கினான்னு நீங்க பாயாசம் வெச்சுச் சாப்பிட்டீங்களாமே. அது நல்லா இருக்கா?”

“ஏன் மாமி, காணி வாங்கினதுக்குப் பாயாசம் வைச்சால் என்ன பிழை?”

“காணியா? யாரு காணி வாங்கினா?”

“உங்கடை சுதன்தான். அரியாலையிலை. ரெண்டு பரப்பு.”



“உங்கப்பா ஜகா வாங்கிட்டான்னுதானே சொன்னாரு?”

“ஓம், மாமி. ஜகா எண்டால் காணிதானே?”

சென்னை மாமியின் முப்பது வருடச் சென்னை அந்த நொடியில் கடலுக்குள் விழுந்தது.

“ஆரடி உனக்கு அப்பிடிச் சொன்னது? ஜகா வாங்கிறது எண்டால் பின்வாங்கிறதடி! மாட்டன் எண்டு நழுவுறது! விசர்க் கதை கதைக்கிறியள் எல்லாரும்!”

அசல் அரியாலைத் தமிழ். ஒரு எழுத்துக்கூட மறந்திருக்கவில்லை.

மேகலா போனை மெதுவாக இறக்கினாள். ஹெல்மெட் அதைவிட மெதுவாக என் பக்கம் திரும்பியது.

நான் கொக்கைப் பார்த்தேன். அதனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்து வைத்த கொக்கு.

“அத்தான்.”

“ம்.”

“உங்களுக்கு ஜகா எண்டால் என்னெண்டு உண்மையிலை தெரியுமோ?”

“ஜகம் எண்ட சொல்லிலை இருந்து...”

“வாயை வடிவாத் திறந்து சொல்லுங்கோ.”

அது வேலை இடத்துக் குரல். அந்தக் குரலுக்கு முன்னால் எத்தனையோ பேர் வாயைத் திறந்திருப்பார்கள். நானும் திறந்தேன்.

“தெரியாது” என்றேன்.

முதல் தடவை சொன்னதால் குரல் கொஞ்சம் பிசிறியது. நான் எதிர்பார்த்ததுபோல் வானம் இடிந்து விழவில்லை. கொக்குக்கூடப் பறக்கவில்லை.

“உதைச் சனிக்கிழமை சொல்லியிருந்தால் உங்கடை பல்லோ கழண்டு விழுந்திருக்கும்?”

“இல்லை.”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அப்போதுதான் முகம் நனைந்திருந்தது தெரிந்தது. என்னை ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். அழுதுகொண்டே சிரித்தாள். எங்களைக் கடந்துபோன ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து, “ஏதும் கரைச்சலோ, தங்கச்சி?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை, இவருக்கு ஒரு சொல்லுக்குக் கருத்துத் தெரியாதாம்” என்றாள்.

ஓட்டோக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

சென்னை மாமியே அரியாலைக்கு எடுத்துச் சொல்வதாகச் சொன்னார். மாமாவுக்கு நான் எடுத்து விசயத்தைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். கடைசியாக, “அப்ப மேளம் நிண்டது சந்தோசத்திலை இல்லை” என்று மட்டும் சொன்னார்.

நான் திரும்பிப் போகலாம் என்று ஹெல்மெட்டைப் போட்டேன். மேகலா ஸ்கூட்டரை முன்னுக்கே விட்டாள்.

“இஞ்சை, வீடு அந்தப் பக்கம்! அவர் மாட்டன் எண்டு சொல்லேல்லையாம்!”

“ஓம் எண்டும் சொல்லேல்லையே, அத்தான்” என்றாள். “அப்பாட்டைச் சொன்னவர். தன்ரை அம்மாட்டைச் சொன்னவர். என்னட்டை இன்னும் சொல்லேல்லை. நானும் அவரிட்டைக் கேக்கேல்லை.”

பின்னேரப் படகு

குறிகட்டுவானில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகு தூரத்தில் ஏறி ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. கரைக்கு வந்ததும் ஆட்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். சுதன் கடைசியாக இறங்கினார். படகு ஆடிய ஆட்டத்தில் முகம் பச்சைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஒரு கையில் ஜெனரேட்டர் திருத்தும் ஆயுதப் பெட்டி. மற்றக் கையில் ஒரு பை. பை வருவதற்கு முன்னாலேயே அதன் மணம் வந்துவிட்டது.

மேகலாவைக் கண்டதும் நின்றுவிட்டார். பின்னால் நின்ற என்னைக் கண்டு இன்னும் கொஞ்சம் நின்றார்.

“என்ன இஞ்சாலை? வீட்டிலை எல்லாரும் சுகமோ?”

மேகலா கைகட்டி நின்றாள். அவள் கண்ணில் ஒரு குறும்பு ஓடியதை நான் பார்த்தேன்.

“நீங்கள் ஜகா வாங்கினியளாம். உண்மையோ?”

சுதன் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை என்பது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தப் பார்வை எனக்கு நல்ல பழக்கம். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் யன்னலுக்கு வெளியே நான் பார்த்த அதே பார்வை. அவர் மேகலாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் இருந்த பையைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

“ஓம், வாங்கினனான்” என்றார்.

“எவ்வளவு?”

“ரெண்டு கிலோ.”

நான் கடல் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டேன்.

“எங்கை வாங்கினியள்?” மேகலாவின் குரல் நடுங்கியது. கோபத்தில் இல்லை.

“உங்கைதான், தீவிலை. நல்ல சுத்தமான ஜகா. கல்லு மண் ஒண்டும் இல்லை. எங்கடை அம்மாவுக்கு ஒரு கிலோ, உங்களுக்கு ஒரு கிலோ.”

பைக்குள் கருவாடு.

மேகலா சிரித்த சிரிப்பில் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுதனுக்கு என்ன பிழை விட்டோம் என்று விளங்கவில்லை. பாவம், அவரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார்.

“ஜகா எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

அவர் கொஞ்சம் யோசித்தார். காது இரண்டும் சிவந்தன.

“தெரியாது” என்றார்.

எனக்கு இருபது வருடம் எடுத்த சொல். அவருக்கு அரை நிமிடம். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மேகலா நடந்ததையெல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க அவருக்கு வேர்த்தது. “நான் மாட்டன் எண்டு சொன்னனாமோ? நானோ?” என்று மூன்று தரம் கேட்டார். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

“சரி, உதை விடுங்கோ” என்றாள் மேகலா. “இப்ப நான் கேக்கிறன். என்னைக் கட்ட உங்களுக்கு உண்மையிலை விருப்பமோ? அப்பாவுக்குச் சொன்னதை விடுங்கோ. எனக்குச் சொல்லுங்கோ.”

சுதன் பெட்டியையும் பையையும் நிலத்தில் வைத்தார். சட்டையை ஒருக்கால் இழுத்து நேராக்கினார்.

“ஓம்” என்றார். பிறகு, “உங்களுக்கு?” என்று கேட்டார்.

அவளிடம் அதை அப்படி ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டது வேறு. எங்களுக்குச் சரியென்றால் சரியா என்ற மாதிரித்தான் கேட்டோம்.

மேகலா அவரை நேராகப் பார்த்தாள். “உரும்பிராயிலை இருந்து இவ்வளவு தூரம், இந்தக் காத்துக்குள்ளாலை, அத்தானையும் ஏத்திக்கொண்டு வந்திருக்கிறன்” என்றாள்.

சுதன் விழித்தார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, உதுக்கு என்ன கருத்து?”

“ஓம் எண்டு கருத்து, தம்பி” என்றேன்.

வரும் வழி

குறித்த நாளில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பதிவுக்கு வந்தார். கை கொஞ்சம் நீளம். சென்னை மாமி வந்திருந்தார். மாமா அவரிடம் போய்ச் சுத்தமான உரும்பிராய்ப் பேச்சில் கதைக்க, அவர் சுத்தமான அரியாலைப் பேச்சில் பதில் சொல்ல, இருவரும் சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை கதைத்துக்கொண்டே இருந்தார்கள். என்னைக் கண்டபோது மட்டும், “நீங்கதானா அந்தத் தமிழ் வாத்தியார்?” என்று சென்னைக்கு மாறிக்கொண்டார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இறங்குதுறையோடு முடியவில்லை. ஒரு ஸ்கூட்டரில் இரண்டு பேர்தான் போகலாம். சுதன் காலையில் பஸ்ஸில் வந்தவர். அவர் மேகலாவைப் பார்த்தார். மேகலா என்னைப் பார்த்தாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றிச் சுதனிடம் கொடுத்தேன். அவருக்கு அது அளவாக இருந்தது.

“கருவாட்டை நீங்கள் கொண்டுவாங்கோ, அத்தான். ஸ்கூட்டரிலை மணக்கும்” என்று மேகலா பையை என் கையில் தந்தாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

பஸ்ஸில் யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்தேன். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மணம் பஸ் முழுக்கப் போனது. பக்கத்தில் இருந்த அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். கொண்டக்டர் ரிக்கற் தர வந்தவர், பையை எட்டிப் பார்த்தார்.

“என்ன ஐயா, பைக்குள்ளை?”

கருவாடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்ன நடந்ததோ தெரியாது.

“ஜகா” என்றேன்.

கொண்டக்டர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே ஒருக்கால் பார்த்தார். பிறகு பெரிதாகத் தலையாட்டினார்.

“ஓ, ஜகாவோ! உந்தக் காலத்திலைதான் நல்ல ஜகா வாறது. பொரிச்சுப் போடாதேங்கோ ஐயா. குழம்பு வையுங்கோ.”

பக்கத்தில் இருந்த அம்மா மூக்கில் இருந்து தலைப்பை எடுத்தார்.

“ஓம் தம்பி. புளி மட்டும் கொஞ்சம் கூட விடவேணும்” என்றார்.